அண்ணனை டீ கொடுத்து வழியனுப்பினோம்

எங்கள் அண்ணன் எங்களைப் பிரிந்து ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலரில் அவருடைய குடியைப் பற்றி எழுத வேண்டாம் என்று சொந்தத்தில் சிலர் சொன்னார்கள். தாராவியில் அண்ணன் விழுந்து கிடக்காத சந்து உண்டா? ஊரே பார்த்ததை மலரில் மறைத்து யாருக்கு என்ன லாபம்! மதினிதான் முடித்து வைத்தார். "எழுது தாயி. விழுந்தத எழுதினாத்தான எந்திரிச்சதையும் எழுத முடியும்?"

அண்ணன் பிறந்ததும் தாராவி, வாழ்ந்ததும் தாராவி. திருநெல்வேலிப் பக்கமிருந்து தோல் வேலைக்கு வந்த அப்பாவுக்கு மூத்த பிள்ளை. சின்ன வயதிலேயே பை தைக்கும் பட்டறைக்குப் போய், எங்களைக் கரையேற்றினார். என்னைச் செம்பூரில் கட்டிக் கொடுத்த அன்று பந்தலில் ஓடியாடி நின்றவரும் அவர்தான், பந்தி முடியும் முன்பே மேடைக்குப் பின்னால் மயங்கிக் கிடந்தவரும் அவர்தான். பாசக்காரர். அந்தப் பாழாய்ப்போன குடி மட்டும் இல்லாவிட்டால் தங்கம்.

மஞ்சள் காமாலை முற்றி அரசு ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, பக்கத்துக் கட்டில்காரரைப் பார்க்க வந்த ஒருவர், குடியை விட்டவர்கள் கூடும் கூட்டத்தைப் பற்றிச் சொன்னார். உடம்பு தேறியதும் அவர் சொன்ன மாஹிம் கூட்டத்துக்கு அண்ணன் போனார். போன வேகத்தில் திரும்பி வந்தார். "அங்கன எல்லாரும் இந்தியில அழுதானுவ. எனக்கு இந்தியில சண்டதான் போட வரும், அழ வராதுட்டி" என்றார். எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. ஆனால் ஆஸ்பத்திரியில் பார்த்த அந்த மனிதர் விடவில்லை. வீடு தேடி வந்து, தாராவியிலேயே தமிழில் நடக்கும் கூட்டத்துக்குக் கையைப் பிடித்து அழைத்துப் போனார்.

அது ஒரு சர்ச்சின் பின்பக்க அறை. வாரம் தவறாமல் அண்ணன் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு அந்தப் பக்கம் போவதைப் பார்த்தால் சொந்தபந்தம் சும்மா இருக்குமா? "உன் புருசன் கிறிஸ்தவ வேதத்துக்குப் போயிட்டாராமே" என்று மதினியைப் பிடித்துக்கொண்டார்கள். "எங்க வேணாலும் போவட்டும். பாருக்குப் போவாம இருந்தாச் சரி" என்றார் மதினி. அங்கே யாரும் யாருக்கும் புத்தி சொல்வதில்லை. ஒருவர் எழுந்து தன் கதையைச் சொல்வார், மற்றவர்கள் கேட்பார்கள், பிறகு டீ. அவ்வளவுதான் என்று அண்ணன் சொல்வார்.

அண்ணன் குடிக்காமல் இருந்த அந்தச் சமயத்தில்தான் அப்பா தவறினார். நம் வழக்கம் உங்களுக்குத் தெரியாததா? பாடை தூக்குகிறவர்களுக்கும் கொட்டு அடிக்கிறவர்களுக்கும் பாட்டில் வாங்கி வைத்தோம். "அப்பனுக்காக ஒரு வாய்" என்று யாரோ அண்ணன் கையிலும் திணித்தார்கள். அந்த ஒரு வாய் மாதக்கணக்கில் நீண்டது. மறுபடி கூட்டத்துக்குப் போக வெட்கப்பட்டுத் தெருமுனையிலேயே நின்றவரை, உள்ளேயிருந்து வந்த ஒருவர், "டீ ஆறுது, வாங்க அண்ணாச்சி" என்று மட்டும் சொல்லிக் கூட்டிப் போனாராம். அதன் பிறகு அண்ணன் தொடவே இல்லை. தெருமுனையில் தயங்கி நிற்கும் புதியவர்களை உள்ளே அழைத்து வரும் வேலையையும் தானே எடுத்துக்கொண்டார்.

அண்ணன் குடியை விட்டாலும், குடி அவர் ஈரலை விடவில்லை. கடைசி நாட்களில் மதினியையும் என்னையும் பக்கத்தில் உட்கார வைத்துச் சொன்னார். "நான் போனா யாருக்கும் ஒரு சொட்டு வாங்கக் கூடாது. எனக்காக ஒரு வாய்னு எவனும் ஆரம்பிச்சிரக் கூடாது, பாத்துக்கிடுங்க."

சொல்வது சுலபம். அன்று கொட்டுக்காரர்கள் வந்து நின்றதும், எங்கள் சித்தப்பா மகன், எனக்குத் தம்பி, வாசலில் நின்று கத்தினார். "தூக்குதவன் தொண்டைய நனைக்க ஒண்ணும் இல்லையா? இது சாவு வீடா, சாமியார் மடமா? வாங்கலே, போவோம்!" நாலைந்து பேர் அவரோடு கிளம்பியே விட்டார்கள். பாடை தூக்க ஆள் இல்லாமல் போய்விடுமோ என்று பயந்தேன். மதினி அண்ணனின் தலைமாட்டிலிருந்து எழுந்தார். "கொழுந்தனாரே, அவுக சொன்ன சொல்லு இந்தா கிடக்கு. அதத் தாண்டி ஊத்திக் குடிக்க மனசு வந்தா, குடிங்க."

கிளம்பியவர்கள் வாசலிலேயே நின்றுவிட்டார்கள். அப்போது, எங்களுக்கு முகம் தெரியாத சிலர் வாசலில் நின்றவர்களை விலக்கிக்கொண்டு வந்தார்கள். ஆபீஸ் உடையில் ஒருவர், தொப்பி போட்ட பாய் ஒருவர், கையில் தோல் சாயம் காயாமல் ஒருவர், இன்னும் சிலர். அண்ணனின் கூட்டத்துக்காரர்கள். அடுப்பை மூட்டி எல்லாருக்கும் டீ போட்டார்கள். கொட்டுக்காரர்கள் குடித்துவிட்டு ஒரு குறையும் வைக்காமல் அடித்தார்கள். முன்னால் இருவர், பின்னால் இருவர் என அண்ணனைத் தூக்கியவர்களும் இவர்களே.

பதினாறாம் நாள் விசேஷம் முடிந்து எல்லாரும் போன பிறகும் தம்பி போகவில்லை. எங்கேயோ பார்த்துக்கொண்டு மதினியிடம் கேட்டார்: "மதினி, அண்ணன் போவாவளே, அந்த ரூமுக்கு எந்தப் பக்கமா போவணும்?"

அவரைப் பற்றி எழுதலாமா என்று அவரிடமே கேட்டேன். "எழுதுக்கா. அன்னைக்கு அத்தன பேர் முன்னாடி கத்துனம்லா, இதையும் அத்தன பேரும் தெரிஞ்சுக்கிடட்டும்" என்றார்.

ஆஸ்பத்திரியில் உதவியவர்களுக்கும், பட்டறைத் தோழர்களுக்கும், தெருவாருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. கூட்டத்துக்காரர்கள் தங்கள் பெயரைப் போடக் கூடாது என்று கேட்டுக்கொண்டார்கள். பெயர் தெரியாதவர்களுக்கே நாங்கள் அதிகம் கடமைப்பட்டிருக்கிறோம்.

கூட்டம் இப்போதும் அதே அறையில்தான் நடக்கிறது. வழி தெரியாதவர்கள் தம்பியிடம் கேளுங்கள். தெருமுனையில் நிற்பார், உள்ளே கூட்டிக்கொண்டு போவார்.