தண்ணீரைப் பார்க்க ஆள் போடவில்லை

ஞாயிறு இரவு ஏரிக்குள் கூடாரம் போட்டுத் தங்கலாம் என்று முதலில் சொன்னவன்தான் திங்கள் விடியற்காலை வேலைக்குப் போக வேண்டியவன். கேட்பதற்குக் கிறுக்குத்தனமாக இருக்கும். அவன் கணக்கு வேறு.

தொழிற்சாலைகள் சூழ்ந்த மண்ணூரில் நான் குடியிருந்த மாடிக்குக் கீழ் அறையில் அவன் இருந்தான். திருநெல்வேலிப் பக்கம். ஒரு வாரம் நைட் ஷிப்ட் பார்த்த உடம்பு ஞாயிறு இரவு தூங்காது. புரண்டு கிடந்துவிட்டு, விடிகிற நேரத்தில் அடித்துப் போட்டதுபோல் தூங்கிவிடும். போன தடவை ஷிப்ட் மாறியபோது அப்படித்தான் கம்பெனி பஸ்ஸைத் தவறவிட்டான். இன்னொரு நாள் வராமல் போனால் பெர்மனென்ட் ஆகிறவர்களில் நீ இல்லை என்று சூப்பர்வைசர் சொல்லியிருந்தார்.

"ரூம்ல பாய் கெடக்குல்லாண்ணே, அதான் ஆபத்து. ஏரிக்குள்ள நனைஞ்சுக்கிட்டு உக்காந்திருந்தா எவனுக்கு உறக்கம் வரும்?"

கார்த்திகை மாதம். நான்கு பேர் போனோம். அவன், நாற்பதை நெருங்கிய வாலாஜாபாத்காரரான அவனுடைய லைன் லீடர், வெல்டிங்கில் வேலை பார்க்கும் மதுரைப் பக்கத்து இளைஞன், பிறகு நான். அவனைத் தவிர யாருக்கும் திங்கள் காலை ஷிப்ட் இல்லை. பத்திரிகை வேலையை விட்டபின் தொழிற்சாலைகளுக்கு எச்சரிக்கைப் பலகைகளைத் தமிழில் எழுதிக்கொடுத்துப் பிழைத்துக்கொண்டிருந்தேன்.

வல்லம் வடகால் என்ற ஊரைத் தாண்டி, கரையடியில் என் பைக்கை நிறுத்திவிட்டு, மற்ற இருவரும் பஸ்ஸில் வந்து சேர்ந்ததும் இன்னும் நிரம்பாத ஏரிக்குள் இறங்கினோம். கணுக்கால் அளவு தண்ணீர் ஓடிய வாய்க்கால் ஒன்று குறுக்கே வந்தது. அதைக் கடந்தால் வேலிக்காத்தான் முள்மரங்கள் முளைத்த ஒரு மண்திட்டு. கம்பெனிக்கு உதிரிபாகங்களைச் சுற்றி வரும் தடித்த பாலித்தீன் விரிப்பைப் பேக்கிங் பட்டையால் இழுத்துக் கட்டினோம். பாகங்கள் துருப்பிடிக்காமல் இருக்கத் தடவிய எண்ணெயின் வாடை விரிப்பை விட்டுப் போகவில்லை.

தூறல் தொடங்கியதும் லைன் லீடர் வேலையைப் பிரித்தார். "லைன்ல மாதிரி ஆளுக்கு ஒரு ஸ்டேஷன்பா. நெருப்பு இவன் பாத்துக்கட்டும். கூரை, கட்டு எல்லாம் நானு. டைமு சாரு பாத்துப்பாரு. நாலு மணிக்குக் கெளப்பி வுடணும் இவன."

"எனக்கு?" என்றான் திருநெல்வேலிக்காரன்.

"நீ தூங்காம இரு. அதான் உன் வேல."

யாரும் தூங்கவில்லை. வாடைக்காற்று விரிப்பைத் தூக்கித் தூக்கி அடித்தது. தொழிற்சாலை விளக்குகள் பட்டு மேகத்தின் அடிவயிறு மஞ்சளாகக் கிடந்தது. நான் கடிகாரத்தைப் பார்ப்பேன். அவன் என்னைப் பார்ப்பான். லைன் லீடர் முடிச்சுகளைத் தொட்டுத் தொட்டுச் சரிபார்த்தார். மதுரைக்காரன் நனைந்த முள்விறகை நெருப்பருகே காயவைத்து, ஒவ்வொன்றாக உள்ளே தள்ளிக்கொண்டிருந்தான். அவ்வளவு ஒழுங்கான நெருப்பை மழையில் நான் பார்த்ததில்லை.

நாலு மணிக்குச் சொன்னேன். டார்ச்சை அடித்துக்கொண்டு இறங்கிய திருநெல்வேலிக்காரன் உடனே திரும்பி வந்தான்.

"அண்ணே, வாய்க்காலைக் காணோம்."

வாய்க்கால் மட்டுமல்ல, நாங்கள் வந்த வழி முழுக்கத் தண்ணீர். எங்கள் தலைமேல் தூறல்தான். மேலே இருக்கும் ஏரிகளில் எங்கோ பெய்த மழை நிரம்பி வழிந்து இங்கே வந்துகொண்டிருந்தது. மதுரைக்காரனின் முதுகுக்குப் பின்னால் ஒரு சாண் தூரத்தில் அது நின்றது.

"ஏல, உன் பின்னாடிதான வந்துருக்கு? பாக்கலியா?" என்றான் அவனிடம் திருநெல்வேலிக்காரன்.

"குதிங்கால்ல பட்டுச்சுடா. சரின்னு கொஞ்சம் முன்னாடி நகந்து உக்காந்தேன்."

"சொல்ல வேண்டாமால?"

"எனக்கு நெருப்பத்தானடா குடுத்தாக. தண்ணி என் ஸ்டேஷன் இல்லையே."

அவன் கிண்டலாகச் சொல்லவில்லை. லைனில் அப்படித்தான் பழக்கியிருக்கிறார்கள்: உன் இடத்தை விடாதே, அடுத்தவன் இடத்தில் கைவைக்காதே. எங்கள் யாருக்குமே தண்ணீர் ஒதுக்கப்படவில்லை. நானும் கடிகாரத்தைத் தவிர வேறெதையும் பார்க்கவில்லை.

"நீங்க இந்தப் பக்கத்து ஆளுதானண்ணே? தெரியாதா?" என்று மதுரைக்காரன் லைன் லீடரைக் கேட்டான்.

"டெய்லி பஸ்ல போக சொல்ல பாத்துகினு போற ஏரிதாம்பா. உள்ள எறங்குனது இன்னிக்குத்தான்." பிறகு குரலைத் தாழ்த்தி, "எனுக்கு நீச்சல் வராது. விடியட்டும்பா," என்றார்.

"விடிஞ்சா பஸ் போயிரும்லாண்ணே."

லைன் லீடர் எழுந்தார். கத்தியை எடுத்தார். இரவெல்லாம் தொட்டுப் பார்த்த கூரையில் பாதியை அறுத்தார். திருநெல்வேலிக்காரன் கொண்டுவந்திருந்த யூனிபார்ம், சேஃப்டி ஷூ, அடையாள அட்டை எல்லாவற்றையும் அதில் சுருட்டி, பேக்கிங் பட்டையால் இறுக்கிக் கட்டினார். மீதிப் பட்டையை அவன் இடுப்பிலும், பைக் ஓட்ட வேண்டிய என் இடுப்பிலும் கட்டி, மறுமுனையை வேலிக்காத்தான் தூரில் சுற்றிக் கையில் பிடித்துக்கொண்டார்.

"ஈரமாப் போய் நின்னீன்னா கேட்லயே கேப்பானுங்க. தலைக்கு மேல தூக்கினு போ."

அவன் தாமிரபரணியில் நீந்தியவன், முன்னால் போனான். மூட்டை தலைமேல். நான் பட்டையைப் பிடித்தபடி பின்னால். தண்ணீர் முதலில் தொடை, பிறகு மார்பு. குளிரில் மூச்சு துண்டு துண்டாக வந்தது. வாய்க்காலின் நடுவில் என் கால் தரையை விட்டது. இடுப்பில் பட்டை வெட்டி இழுத்தது. அவன் திரும்பவில்லை, மூட்டையை ஒரு கையில் உயர்த்திக்கொண்டு, மறுகையால் பட்டையைப் பற்றி என்னை இழுத்துக்கொண்டே நடந்தான்.

பைக்கில் போகும்போது அவன் பற்கள் அடித்துக்கொள்ளும் சத்தம் என் காதருகே கேட்டது. ஜங்ஷனில் பூட்டிய டீக்கடைத் தட்டிக்குப் பின்னால் உடை மாற்றினான். யூனிபார்ம் உலர்ந்திருந்தது. ஷூவின் கயிற்றைக் கட்ட விரல் மடங்கவில்லை, நான் கட்டிவிட்டேன். பஸ் வந்தது. ஏறினான். ஜன்னலோரம் உட்கார்ந்தவன் தலை, பஸ் திரும்புவதற்குள் கண்ணாடியில் சாய்ந்துவிட்டது.

எனக்கு அறைக்குப் போகத் தோன்றவில்லை. ஏரிக்கரைக்குத் திரும்பி, ஈரத்தோடு அங்கும் இங்கும் நடந்தேன். வானம் வெளுத்தபோது திட்டு தெரிந்தது. தண்ணீர் இன்னும் கொஞ்சம் ஏறி அப்படியே நின்றிருந்தது. லைன் லீடர் குந்தி உட்கார்ந்து, கூரையின் மிச்சத்தை இரண்டு கைகளாலும் விரித்து நெருப்புக்கு மேல் பிடித்திருந்தார். அவர் தலை நனைந்துகொண்டிருந்தது. மதுரைக்காரன் விறகு தள்ளிக்கொண்டிருந்தான்.

"ஏறிட்டான்!" என்று கத்தினேன்.

லைன் லீடர் கையைக் கீழே போட்டார். மதுரைக்காரன் எழுந்து நின்று, வாயருகே கையைக் குவித்தான்.

"அப்ப நான் அணைச்சுரவாண்ணே?"