மூச்சுத் திணறலுக்கு வெல்டிங் கடையா!

திருவொற்றியூரில் நானும் கணவரும் வெல்டிங் கேஸ் கடை நடத்துகிறோம். நெட்டில் தேடினால் எங்கள் வெப்சைட்தான் முதலில் வர வேண்டும் என்ற ஆசையில், அதன் தலைப்பிலும் விவரக் குறிப்பிலும் ‘ஆக்சிஜன் சிலிண்டர், அவசர டெலிவரி’ என்று கீவேர்டுகளைச் சேர்த்தேன். வந்தது ஆபத்து!

ஒருநாள் ஒருவர் ஆட்டோவிலிருந்து குதித்து ஓடிவந்தார். “யக்கா, நைனாவுக்கு மூச்சு வாங்கிகினு கீது! நெட்ல உங்க கடதான் மொதல்ல வந்துச்சு. சிலிண்டர் குடுக்கா!”

நான் கணவரைக் கூப்பிட்டுக்கொண்டே எழுந்தேன். “ஐயோ, இது வெல்டிங்குக்குண்ணே! வீடு எங்க?”

“பக்கத்துத் தெருதான்க்கா!”

என் கணவர் அதே ஆட்டோவில் ஏறிப்போய், அவருடைய அப்பாவைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார். பெரியவர் பிழைத்துவிட்டார்!

இப்போது எங்கள் வெப்சைட்டின் தலைப்பே ‘வெல்டிங் ஆக்சிஜன், நோயாளிகளுக்கு அல்ல’ என்பதுதான். எந்த கீவேர்டைச் சேர்த்தாலும், அதைத் தேடி யார் வருவார்கள் என்று முதலில் யோசிக்கிறேன்.