சம்மதம் சொன்ன குரல்

நிலக்கோட்டையிலிருந்து திண்டுக்கல் போகும் காலைப் பேருந்தில், மல்லிகை மூட்டைகளுக்கு நடுவே ஒருவர் மடிக்கணினியை விரித்து வைத்திருந்தார். ஒல்லி உடம்பு, வெளுத்த தாடி. ஒவ்வொரு தடவையும் விசையைத் தட்டிவிட்டு, பக்கத்தில் யாரோ பதில் சொல்லப்போவதுபோல் தலையைச் சாய்த்துக் காத்திருந்தார்.

"என்னண்ணே வேலை?" என்றேன்.

ஊர் உலகமே சேர்ந்து எழுதும் ஒரு பெரிய விக்கித் தளத்தோடு சேர்த்துக்கொள்ள ஒரு நீட்சி, அதாவது கூடுதல் நிரல், எழுதியிருக்கிறாராம். கண் தெரியாதவர்களுக்குக் கட்டுரையை வாசித்துச் சொல்லும். குரல், இறந்துபோன அவர் மனைவியுடையது. பழைய ஒலிப்பதிவுகளைக் கொடுத்துக் கணினியைப் பழக்கியிருக்கிறார்.

"தளத்துக் குழுவுல நிரலைப் பூராம் சோதிச்சுச் சரின்னுட்டாங்க தம்பி. குரலுக்குரியவங்க சம்மதம் மட்டும் வேணுமாம். இன்னைக்குள்ள குடுக்கலைன்னா தள்ளிருவாங்க."

"இறந்துட்டாங்கன்னு சொல்லிற வேண்டியதுதானே?"

"எப்படிச் சொல்ல? தெனமும் பேசுறாளே!" சிரித்தார். "நானே கணினியில எழுத்தா அடிச்சுக் குடுத்தேன். 'எனக்குச் சம்மதம்'னு சொன்னா. அம்புட்டுத் தெளிவா."

மடிக்கணினியை எட்டிப் பார்த்தேன். "சம்மதமில்லைன்னு அடிச்சா அதையுந்தானே சொல்வாங்க?"

"சொன்னா." சிரிப்பு நின்றுவிட்டது. "ஆனா அதைச் சொல்றதுக்கு முன்னாடி ஒரு மூச்சு வாங்குனா தம்பி. அந்த மூச்சை நான் எழுதல."

திண்டுக்கல்லில் இறங்கிக் கூட்டத்தில் கலந்துவிட்டார். எதை அனுப்பினார் என்று நான் கேட்கவில்லை. அந்த நீட்சி இன்றுவரை தளத்தில் வரவில்லை. மறுத்தது குழுவா அவர் மனைவியா என்பதுதான் எனக்கு விளங்கவே இல்லை.