தம்பிக்குப் பிடித்த கயிறு

எட்டாம் வகுப்பில் நான் ஒரு வருடம் தவறியதால், தம்பியும் நானும் ஒரே வகுப்பில் உட்கார வேண்டியதாயிற்று. என்னைவிட அவன் ஒரு வயது இளையவன். உயரத்தில் என்னைத் தாண்டியிருந்தான். உத்தமபாளையம் கடைத்தெருவில் யாராவது, "இதுல யாருப்பா மூத்தவன்?" என்று கேட்டுவிட்டால் அன்று எனக்குச் சோறு இறங்காது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுவில் எங்கள் பள்ளிக்கூடத்துக்குப் புது டிரில் மாஸ்டர் வந்தார். சாரணர் படையில் இருந்த எங்களைச் சனிக்கிழமைதோறும் ஊருக்கு வெளியே பாறைக்குன்றாக இருந்த கரட்டுக்குக் கூட்டிப்போய்ப் பாறை ஏறப் பழக்கினார். இரண்டு கை, இரண்டு காலில் மூன்று எப்போதும் பாறையில் இருக்க வேண்டும். பிடிக்கும் முன் கல்லைத் தட்டிப் பார்க்க வேண்டும். இடுப்பில் கட்டிய கயிற்றின் முடிச்சை இன்னொருவன் இழுத்துப் பார்க்காமல் தரையிலிருந்து காலை எடுக்கக் கூடாது. எல்லாம் எனக்குத் தலைகீழ்ப் பாடம். ஆனால் பாறையில் இரண்டடி ஏறியதுமே பயந்து இறங்கிவிடுவேன். தம்பியோ ஓணான் மாதிரி ஏறுவான்.

"அவன் காலை வைக்கிற அழகப் பாருங்கலே" என்பார் மாஸ்டர். நான் மட்டும் வேறு பக்கம் பார்ப்பேன்.

ஏறத் தெரியாத எனக்குக் கயிறு பிடிக்கும் வேலை வந்தது. கரட்டின் பின்பக்கமாக நடந்தே உச்சிக்குப் போய்விடலாம். அங்கிருந்த உசில மரத்தோடு என்னைக் கட்டிக்கொண்டு, குதிகாலை ஊன்றி உட்கார்ந்து, முதுகைச் சுற்றிய கயிற்றைக் கீழிருப்பவன் ஏற ஏற இழுத்துக்கொண்டே இருக்க வேண்டும். தொய்வு விட்டால், அவன் கை தவறும்போது அந்தத் தொய்வு அளவுக்கும் விழுவான்.

ஒரு சனிக்கிழமை, யாரும் ஏறாத செங்குத்துப் பக்கத்தில் தம்பி ஏறினான். பாதி வந்ததும் கீழே பையன்கள் கை தட்டினார்கள். என் கை நின்றது. மறந்துபோய் நிற்கவில்லை. நிறுத்தினேன்.

"அண்ணே, கயிறு தொங்குது, இழு" என்றான்.

காது கேட்காதவன் போல இருந்தேன். கொஞ்சம் பயப்படட்டும், கொஞ்சம் கெஞ்சட்டும் என்றுதான் நினைத்தேன். அதற்குள் அவன் பிடித்த கல் பெயர்ந்தது. கயிறு என் உள்ளங்கையைத் தோலோடு உரித்துக்கொண்டு ஓடியது. மரம் என்னை இழுத்துப் பிடித்தது, நான் அவனைப் பிடித்தேன். ஓர் ஆள் உயரம் விழுந்து பாறையில் மோதியதில் அவனுக்கு முன்பல் உடைந்து, தாடை கிழிந்தது.

என் கையைப் பார்த்து எல்லோரும் என்னைப் புகழ்ந்தார்கள். "அண்ணன்காரன் இல்லேன்னா இவன் கதை முடிஞ்சிருக்கும்" என்று மாஸ்டரே சொன்னார். தம்பி வாயில் துணியை அழுத்திக்கொண்டு என்னை ஒருமுறை பார்த்தான். கயிறு தொங்கியதை மாஸ்டரிடம் சொல்லவில்லை. வீட்டிலும் சொல்லவில்லை. "கல்லத் தட்டிப் பாக்காமப் பிடிச்சிட்டேன் ஆத்தா" என்று அம்மாவிடம் பழியைத் தன்மேல் போட்டுக்கொண்டான். அந்தப் பெருந்தன்மையைப் பார்த்தும் எனக்குப் பொறாமைதான் வந்தது. இதிலும் என்னை முந்திவிட்டான்.

காயம் ஆறியதும் மாஸ்டர் அவனிடம், "ஒனக்கு யாரு கயிறு பிடிக்கணும்?" என்று கேட்டார்.

"அண்ணன்" என்றான்.

அதற்குமேல் என்னால் முடியவில்லை. "அன்னைக்கு அவன் இழுக்கச் சொன்னான் சார். வேணும்னுதான் இழுக்கல" என்றேன்.

மாஸ்டர் அடிக்கவில்லை. "இந்த வருசம் நீ மேல உக்காந்து கயிறு பிடிக்கக்கூடாது. முடிச்சப் பாத்து விடு, அது போதும்" என்றார். சொல்லிவிட்டால் மனசு லேசாகும் என்று எண்ணியிருந்தேன். ஆகவில்லை.

தம்பியின் இடுப்பு முடிச்சை இரண்டு தரம் இழுத்துப் பார்த்தேன். "சரியா இருக்கா?" என்றான். "இருக்கு, ஏறு" என்றேன். மேலே வேறொருவன் கயிறு பிடிக்க, அவன் ஏறினான், முன்னைவிட அழகாக. வயிறு எரிந்தது. ஆனாலும் அவன் உச்சியைத் தொடும்வரை கயிற்றிலிருந்து நான் கண்ணை எடுக்கவில்லை.