புங்க மரத்தடிப் பானை

சென்னையில், கடற்கரைக்கு அருகே, மரங்கள் அடர்ந்த பழைய குடியிருப்பில் என் மகன் வீடு. சித்திரை முதல் தேதி, வாசல் புங்க மரத்தடியில், எங்கள் ஊர் விருத்தாசலத்திலிருந்து கொண்டுவந்த மண்பானையில் குடிநீர் வைத்தேன். தெருக் கூட்டும் செல்வி அன்று முதல் அதில்தான் குடிக்கிறார்.

இன்று சித்திரை இருபத்திரண்டு. காலை 7.10க்குப் பானையைக் காணவில்லை. குடியிருப்போர் சங்கச் செயலாளரின் கார் ஷெட்டில் இருந்தது. அவரிடமே கேட்டேன்.

“தெருவோட அழகே போயிடுது சார். கண்டவங்களும் வந்து நிக்கிறாங்க.”

“கண்டவங்க இல்லீங்க. உங்க வாசலையும் கூட்டுற செல்விங்க.”

“நாங்க ஈரமில்லாதவங்களா? குருவிக்கு மரத்துக்கு மரம் கிண்ணம் கட்டியிருக்கோமே, பாக்கலியா?”

பார்த்தேன். எங்கள் ஊர்ப் பீங்கான் கிண்ணங்கள்தாம். அவற்றில் தினமும் தண்ணீர் ஊற்றுபவரும் செல்விதான்.

பானையை நானே சுமந்து வந்து, அதே இடத்தில் வைத்து, நிரப்பினேன். செல்வி ஒரு சொம்பு குடித்துவிட்டுச் சொன்னார்: “எதுக்குங்க ஐயா வம்பு? நான் குருவி கிண்ணத்துலயே குடிச்சிக்கிறேன். அத யாரும் எடுக்க மாட்டாங்க.”

நாளைக் காலை ஏழு மணிக்கே பானையருகில் நாற்காலி போட்டு அமர்ந்திருப்பேன்.

உங்கள் தெருவிலும் தண்ணீர் குடிக்கச் சிறகு கட்டாயமா? தெரிவிக்கவும்.