பிளாரன்ஸில் ராமசாமிக்கு ஓர் அறை

என் அத்தான் சேதுபதி ஒரு கட்டடப் பைத்தியம். சிங்கப்பூர் அரசாங்க அலுவலகத்தில் டிராஃப்ட்ஸ்மேன் என்றதும் மாளிகை வரைகிறவர் என்று நினைத்துவிடாதீர்கள். புதிய அடுக்குமாடி வீடுகளில் கழிவுநீர்க் குழாய் எந்தச் சுவரோரம் இறங்க வேண்டும் என்று கோடு போடுகிறவர். அதையும் ரசித்துத்தான் போட்டார். அவருக்கு எதிலும் சலிப்பு வராது. கேட்டுக்கொண்டிருக்கும் எங்களுக்குத்தான் வரும்.

1963இல் அவருக்கு நான்கு மாத விடுப்பு சேர்ந்தது. மற்றவர்கள் அப்படி விடுப்பு சேர்ந்தால் கப்பலேறி நாகப்பட்டினம் போவார்கள். அத்தான் இத்தாலியக் கப்பலேறி ஐரோப்பா போவதென்று முடிவு செய்தார். வழிகாட்டி கிடையாது, கூட்டம் கிடையாது. வெனிஸ், பிளாரன்ஸ், வியன்னா, பாரிஸ் என்று ரயிலில் ஊர் ஊராகப் போய்க் கட்டடங்களை மட்டும் பார்ப்பது. கூட என் அக்கா பூவம்மா. பிள்ளைகள் இரண்டும் என் பொறுப்பு.

இந்த ஏற்பாட்டில் ஒரே ஒரு ஓட்டை. அக்காவை யாரும் கேட்கவில்லை. "நாம போறோம்" என்றார் அத்தான். அக்கா "ம்" என்றாள். அந்த "ம்"முக்கு என்ன பொருள் என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அவள் வராவிட்டால் பயணமே வேண்டாம் என்று என்னிடம் மட்டும் சொல்லியிருந்தார்.

"தனியா பாத்துட்டு வந்து யார்கிட்ட சொல்றது, கண்மணி?"

"அதை அக்காகிட்ட சொல்லுங்களேன்."

"சரி சரி, பாப்போம் லா" என்று நழுவிவிட்டார். பயம்.

அந்தப் பயத்தையெல்லாம் திட்டத்தில் காட்டினார். பஃபலோ ரோட்டில் எங்கள் மாடி வீட்டுக் கூடம் முழுக்க ஞாயிறுதோறும் வரைபடங்களும், ஸ்டாம்போர்ட் ரோடு நூலகத்துப் புத்தகங்களும் விரிந்து கிடக்கும். காலை வைக்க இடம் இருக்காது. எந்தக் கட்டடமானாலும் வெளியே ஒரு முறை வலம் வந்த பிறகே உள்ளே நுழைய வேண்டும் என்பது அவர் சட்டம். கோயிலில் பழகிய கால். கால அட்டவணையில் ஒவ்வொரு தேவாலயத்துக்கும் "வலம், 25 நிமிடம்" என்று தனிக் கட்டம் போட்டிருந்தார். கணக்கு சரிதானா என்று பார்க்க, செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்தைக் கைக்கடிகாரமும் கையுமாக எங்களைச் சுற்ற வைத்தார். மூன்றாவது சுற்றில் தமிழ்க் காவலாளி ஒருவர் வந்து, "என்னாண்ணே, எதுவும் தொலைஞ்சு போச்சா?" என்று விசாரித்து, அவரும் புல்லில் தேட ஆரம்பித்துவிட்டார். அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள். அத்தான் அவள் சிரிப்பதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

தங்கும் விடுதிகளுக்குக் கடிதம் எழுதியது நான். ராஃபிள்ஸ் பிளேசில் டைப்பிஸ்ட் வேலை பார்ப்பவளுக்குப் பிழை வருமா? அடையாள அட்டையில் உள்ளபடியே, "சேதுபதி எஸ்/ஓ ராமசாமி, பூவம்மா டி/ஓ கோவிந்தசாமி" என்று சுத்தமாக அடித்தேன். இன்னாரின் மகன், இன்னாரின் மகள். இது புரியாத ஆபீஸ் சிங்கப்பூரில் உண்டா? வெள்ளைக்காரர்களுக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று இருப்பதும், நமக்கு இல்லாததும் அப்போது என் மண்டையில் உறைக்கவில்லை.

பிளாரன்ஸில் கன்னியாஸ்திரீகள் நடத்தும் ஒரு விடுதிமேல் அத்தானுக்கு உயிர். அதன் மாடி ஜன்னலிலிருந்து பெரிய தேவாலயத்தின் குவிமாடம் தெரியுமாம். அங்கிருந்து பதில் வந்தது. திரு. ராமசாமிக்கு மூன்றாம் மாடியில் ஓர் அறை. செல்வி கோவிந்தசாமிக்கு ஆற்றுக்கு அந்தப் பக்கம் பெண்கள் விடுதியில் ஒரு கட்டில். மணமாகாதவர்களுக்கு ஒரே அறை தருவது எங்கள் வழக்கமில்லை.

ராமசாமி அத்தானின் அப்பா. ஜப்பான்காரன் வருவதற்கு முன்பே போய்ச் சேர்ந்தவர். செல்வி கோவிந்தசாமி எங்கள் அப்பா. கேலாங்கில் மீசையை முறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். நானும் அக்காவும் வயிற்றைப் பிடித்துக்கொண்டோம். அத்தானுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை.

"கட்டின பொண்டாட்டிய ஆத்துக்கு அந்தாண்ட விட்டுட்டு நான் மட்டும் ஜன்னல்ல பாக்கணுமா?"

விளக்கி மறுபடி எழுதினோம். மணச்சான்றிதழ் அனுப்புங்கள் என்று பதில் வந்தது. சான்றிதழுக்கு எங்கே போவது? 1949இல் பெருமாள் கோயிலில் தாலி கட்டினார். சாட்சி நானூறு பேர், காகிதம் ஒன்றுகூட இல்லை. பழைய திருமணங்களையும் இப்போது பதிவு செய்துகொள்ளலாம் என்று அலுவலகத்தில் யாரோ சொல்ல, ஒரு செவ்வாய்க்கிழமை காலை மூவரும் பதிவாளர் அலுவலகம் போனோம். அக்கா பட்டுச் சேலை கட்டியிருந்தாள். அத்தான் கழுத்தில் டை.

அதிகாரி சீனர். பக்கத்தில் மொழிபெயர்க்கத் தில்லையம்பலம் என்ற யாழ்ப்பாணத்துக்காரர். அதிகாரி ஆங்கிலத்தில் கேட்டதை அவர் அக்காவிடம் சொன்னார்.

"அம்மா, இவரை நீங்கள் உங்கட விருப்பத்தோடதானே கலியாணம் முடிச்சனீங்கள்?"

அக்கா பட்டுச் சேலைத் தலைப்பை மடியில் வைத்து நீவினாள். அத்தான் முகம் வெளுத்தது.

"கட்டுறப்ப யாரும் என்னைக் கேக்கலைங்க" என்றாள் மெதுவாக. "அப்பா சொன்னாரு, மணையில உக்காந்தேன். இப்ப நீங்க கேக்குறீங்க. இப்ப விருப்பந்தான், எழுதிக்குங்க."

பிறகு அத்தான் பக்கம் திரும்பினாள். "இதுவும் அதே மாதிரிதான். நாம போறோம்னீங்க. வர்றியான்னு ஒரு நாளாவது கேட்டீங்களா?"

அத்தான் டையைத் தளர்த்தினார். "கேட்டா மாட்டேன்னுடுவியோன்னு பயந்துட்டேன், பூவு." ஆபீஸே பார்த்துக்கொண்டிருக்க, எழுந்து நின்றார். "என்கூட வர்றியா?"

"எங்க போறது, எவ்ளோ நேரம் நிக்கிறதுன்னு பாதி நான்தான் சொல்வேன்."

"முழுசும் நீயே சொல்லு."

"பாதி போதும். வர்றேன்."

எனக்கு அழுகை வந்துவிட்டது, அதை மறைப்பானேன்?

ஒரு கேள்விக்கு இத்தனை நேரமா, என்னதான் பேசுகிறார்கள் என்று அதிகாரி எரிச்சலோடு கேட்டார். தில்லையம்பலம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே மொழிபெயர்த்தார்.

"யெஸ், சார்."