மகள் பார்க்கும் துடிப்பு

புக்கிட் பெருந்துங் திடலில் நடக்க வருவார் பக்கத்துத் தொழிற்சாலையில் காவல் பார்க்கும் ஜாகா ஒருவர். காக்கிச் சட்டை, ரப்பர் செருப்பு. நாலடிக்கு ஒருமுறை கைக்கடிகாரத்தில் நாடித்துடிப்பைப் பார்ப்பார்.

ஒரு காலையில் மூச்சிரைக்க நின்றார். "நடந்தா நூத்திருபது வரணுமாம். இந்தக் கடிகாரம் காட்டுறத ராவாங்லேருந்து மக போன்ல பாக்கும். இருதய மாத்திரை போட்டா தொண்ணூறத் தாண்டல. அதான் ரெண்டு நாளா போடல."

நானும் அதே மாத்திரைக்காரன். பதறிவிட்டேன். "துடிப்ப அடக்கத்தான்ணே அந்த மாத்திரை! திடீர்னு நிறுத்தினா ஆபத்து. இன்னைக்கே டாக்டரப் பாருங்க. பேசிக்கிட்டே நடக்க முடிஞ்சா போதும், நம்பர் வேணாம்."

"நான் பேசுறது மக போன்ல தெரியாதே லா," என்று சொல்லிவிட்டு வேகமாக நடந்தார்.

மறுநாளிலிருந்து அவரைக் காணவில்லை. வேலையிடம் மாறியிருக்கலாம். அந்த மகளுக்கு நானே போன் செய்திருக்கலாம். நம்பர் கேட்கத்தான் தோன்றவில்லை.